பைக்குள் அடங்கிய மூச்சு: பேக்பைப்பின் ஓசையும் பிறப்பும்



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு பேக்பைப். தலைப்பைக் கேட்டதும், ‘ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு ஊதுகிற கருவிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை அவசரப்படாமல் சொல்கிறேன்.

கருவி நமக்குப் புதிதல்ல. காவல் துறை, ராணுவ அணிவகுப்புகளில் கேட்டிருக்கிறோம். சிங்கப்பூரில் குர்க்கா காவல் பிரிவினர் வாசிப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நம் கோலாலம்பூரில் சீக்கிய இளைஞர்கள் 1986இல் தொடங்கிய ஸ்ரீ தஸ்மேஷ் குழு, 2019இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகப் போட்டிக்குப் போய், தான் கலந்துகொண்ட பிரிவில் முதலிடம் வாங்கி வந்தது. தலைப்பாகை கட்டிய மலேசியர்கள் ஸ்காட்லாந்து மண்ணிலேயே அந்தக் கருவியை வாசித்து வென்றார்கள் என்றால், இது யாருடைய கருவி என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

தமிழில் இதற்குப் பலரும் பல பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பைக்குழல் என்று சொல்லப் போகிறேன். சொல்ல எளிது, பொருளும் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

உதடு தொடாத சீவாளி

முதலில் ஓசையைப் பார்ப்போம். ஏனென்றால், இந்தக் கருவியை விரும்புகிறவர்களும் சரி, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்களும் சரி, அதன் ஓசைக்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் பெரிய பைக்குழலை எடுத்துக்கொள்வோம். ஒரு பை, அதில் ஐந்து குழல்கள் செருகியிருக்கும். ஒன்று வாயால் காற்றை ஊதி நிரப்பும் குழல். உள்ளே போன காற்று திரும்பி வராமலிருக்க அதில் ஒரு வால்வு உண்டு. இன்னொன்று விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல். மற்ற மூன்றும் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை சுருதிக் குழல்கள். மெட்டுக் குழலின் ஆதார சுரத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே இரண்டு குழல்கள், இரண்டு ஸ்தாயி கீழே ஒரு குழல். கணக்கில் சொன்னால், மெட்டுக் குழலின் ஆதார சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 480 அதிர்வு என்றால் மற்றவை 240, 120 என்று நிற்கும். மூன்று சுருதிக் குழல்களும் ‘ச’ மட்டுமே பாடும். நம் தம்புராவில் இருப்பதுபோல ‘ப’ கிடையாது.

மெட்டு வாசிக்கும் குழலைக் கழற்றிப் பார்த்தால் நாதஸ்வரக்காரருக்கு அது அந்நியமாகத் தெரியாது. உள்துளை மேலே குறுகிக் கீழே அகன்று போகும். மேல் நுனியில் இரண்டு தகடு சேர்ந்த நாணல் சீவாளி. நாதஸ்வரமும் அப்படித்தான். ஆனால் ஒரே ஒரு வேறுபாடு. அந்த ஒரு வேறுபாட்டில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. நாதஸ்வர வித்துவான் சீவாளியை உதட்டில் கவ்வுகிறார். பைக்குழல் வாசிப்பவரின் உதடு சீவாளியைத் தொடுவதே இல்லை. சீவாளி பைக்குள்ளிருந்து வரும் காற்றை நம்பி இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. லாபம் தெரிந்ததே. மூச்சு வாங்குகிற நேரத்தில் கை முழங்கையால் பையை அழுத்தினால் போதும், ஓசை அறுபடாது. மணிக்கணக்கில் வாசிக்கலாம். நஷ்டத்தைக் கணக்குப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் உதட்டை இறுக்கித் தளர்த்தி ஓசையைக் கூட்டுவார், குறைப்பார். ஒரு சுரத்தை அசைத்துக் கமகம் கொடுப்பார். நாக்கால் தட்டித் துத்துகாரம் செய்வார். வேண்டிய இடத்தில் நிறுத்துவார். இவை எதுவும் பெரிய பைக்குழலில் முடியாது. பையின் அழுத்தம் சீராக இல்லையென்றால் சுருதியே குலைந்துவிடும் என்பதால் மெல்ல வாசிப்பது, உரக்க வாசிப்பது என்ற பேச்சே இல்லை. நடுவில் நிறுத்த முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்கக்கூட முடியாது! ஓசைதான் ஓயவில்லையே, முதல் ‘ச’ எங்கே முடிந்தது, இரண்டாவது ‘ச’ எங்கே தொடங்கியது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த முட்டுக்கட்டையிலிருந்துதான் அந்த இசையின் அழகு பிறந்தது. இரண்டு ‘ச’வுக்கும் நடுவில், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு விரலைத் தூக்கி வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். காதுக்கு அது சுரமாகக் கேட்காது. ஒரு சிறு வெட்டாகக் கேட்கும். ஒன்றல்ல, நான்கு, ஐந்து, எட்டு என்று சொடுக்குகளை அடுக்குவார்கள். நாக்கு செய்ய வேண்டிய வேலையை விரல் செய்கிறது. புதிதாகக் கேட்பவர்கள், ‘என்ன இது, ஒரே இரைச்சலாக இருக்கிறது’ என்பார்கள். அந்தச் சொடுக்குகளைக் காது பிடித்துக்கொண்ட பிறகு அதே மெட்டு நடக்கும், குதிக்கும், தள்ளாடும். ஸ்காட்லாந்தில் போட்டி நடுவர்கள் மெட்டோடு இந்தச் சொடுக்குகளையும் கூர்ந்து கேட்கிறார்கள்.

மெட்டுக் குழலில் மொத்தம் ஒன்பது சுரங்களே. நம் கணக்கில் சொன்னால் கீழ் ‘நி’யில் தொடங்கி, ச ரி க ம ப த நி என்று போய், மேல் ‘ச’வில் நின்றுவிடும். எந்த ரி, எந்த நி என்று இசை தெரிந்தவர்கள் கேட்பீர்கள். சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கூட்டிப் பாருங்கள், அரிகாம்போதி! தமிழிசை ஆய்வாளர்கள் செம்பாலை என்று அடையாளம் காட்டும் அதே சுர வரிசை. அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று கிளம்பிவிட வேண்டாம். சுருதி ஒன்று இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, மனிதனின் காது அதனோடு இசைகிற சுரங்களைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. உலகில் பல இடங்களில் இது நடந்திருக்கிறது.

இதே காரணத்தால்தான் பைக்குழல் பியானோவோடு ஒட்டாது. பியானோவில் எல்லாச் சுரங்களும் சமமாகப் பங்கிடப்பட்டவை. பைக்குழலின் காந்தாரம், சுருதிக் குழலோடு உரசாமல் நிற்கும் இடத்தில் நிற்கிறது. பியானோவின் காந்தாரத்தைவிடச் சற்றுக் கீழே. ‘பேக்பைப் சுருதி சேராத வாத்தியம்’ என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. தன் சுருதியோடு அது மிகக் கச்சிதமாகச் சேர்ந்திருக்கிறது. நாம் பழகிய அளவுகோல்தான் வேறு.

சத்தத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்றால் 100 டெசிபலைத் தாண்டும். அதிலும் மனிதக் காது எந்தப் பகுதியில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ, அந்தப் பகுதியில் இதன் மேலொலிகள் வலுவாக இருக்கின்றன. அறைக்குள் வாசிக்கும் கருவி இதுவல்ல. மலைச் சரிவில் ஒருவர் ஊத, பள்ளத்தாக்கின் மறுபுறம் கேட்க வேண்டும்; அதற்காகவே உருவானது.

பையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். வாயிலிருந்து போகும் ஈரம் முழுவதும் உள்ளேயே தங்குகிறது. 2016இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் மான்செஸ்டர் மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். நாள்தோறும் பைக்குழல் வாசித்த ஒருவர் நுரையீரல் நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டார். கருவியை வீட்டில் வைத்துவிட்டு மூன்று மாதம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது நோய் தணிந்தது. திரும்பி வந்தபின் மீண்டும் பற்றிக்கொண்டது. பைக்குள்ளும் சீவாளிப் பக்கமும் பலவகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. அவர் 2014இல் காலமானார். ஈரமான நம் தட்பவெப்பத்தில் எந்த ஊதுகருவி வைத்திருப்பவரும், பிள்ளைகளைப் பள்ளி இசைக்குழுவுக்கு அனுப்பும் பெற்றோரும், வாசித்து முடித்ததும் கருவியைத் துடைத்து உலர்த்தி வைக்கும் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வது நல்லது.

நீரோ வாசித்தது என்ன?

இனி பிறப்பு. பையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மனிதன் பையைக் கண்டுபிடித்துவிட்டான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த முதல் பை அவன் கன்னம். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால் ஓசை அறுபடாது. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரக் கல்லறைகளில் 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வெள்ளிக் குழல் ஜோடி கிடைத்திருக்கிறது. கிரேக்கர்களின் ஆலோஸ் இரட்டைக் குழல். இத்தாலியின் சார்டினியா தீவில் லவுனெடாஸ் என்ற மூன்று குழல் கருவியை இன்றும் வாசிக்கிறார்கள். ஒரு குழல் சுருதி, மற்ற இரண்டும் மெட்டு, இடைவிடாத கன்ன மூச்சு. பை ஒன்றுதான் குறை.

நம்மூர்ப் பாம்பாட்டியின் மகுடியை நினைத்துப் பாருங்கள். மேலே சுரைக்காய், கீழே இரண்டு குழல். ஒன்று மெட்டுக்கு, ஒன்று சுருதிக்கு. சுரைக்குடுக்கைக்குள்ளே சீவாளி, உதடு தொடுவதில்லை. பைக்குழலுக்கும் இதற்கும் தூரம் மிகக் குறைவு. சுரைக்காயை அமுக்க முடியாது, தோலை அமுக்கலாம், அவ்வளவுதான்.

ஆடு மேய்ப்பவனிடம் தோலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் முழு ஆட்டுத்தோலைக் கிழிக்காமல் உரித்துப் பை செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அந்தத் தோலில் கழுத்தும் முன்னங்கால்களும் இருந்த இடத்தில் இயற்கையாகவே ஓட்டைகள். அவற்றில் குழலைச் செருகிக் கட்டினால் கருவி தயார். பல்கேரியாவின் கைடாவில் இன்றும் ஆட்டின் வடிவம் அப்படியே தெரியும். எஸ்தோனியக் கடற்கரை மக்களோ ஆட்டைத் தேடிப் போகவில்லை. கடல்நாயின் இரைப்பையைப் பையாக்கினார்கள். கையில் கிடைத்தது எதுவோ அது.

எழுத்தில் கிடைக்கும் தெளிவான பழைய சான்று ரோமாபுரியிலிருந்து வருகிறது. ‘ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான்’ என்று பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோம். ரோம் எரிந்தது கி.பி. 64இல். வில்லால் இழுத்து வாசிக்கும் பிடில் ஐரோப்பாவுக்கு வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு. நீரோ யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடியவன். ஆனால் சுவெட்டோனியஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு செய்தி சொல்கிறார். ஆட்சி ஆட்டங்கண்ட கடைசி நாட்களில், இந்த ஆபத்திலிருந்து தப்பினால் வெற்றி விழாவில் நீர் ஆர்கனும் குழலும் பைக்குழலும் வாசிப்பதாக நீரோ வேண்டிக்கொண்டானாம். வேண்டுதல் பலிக்கவில்லை. கி.பி. 68இல் தற்கொலை செய்துகொண்டான்.

அதே காலத்தை ஒட்டி வாழ்ந்த டியோ கிறிஸோஸ்டம் என்ற கிரேக்கப் பேச்சாளர், ஓர் அரசன் குழலை வாயாலும் வாசிப்பான், அக்குளில் பையை வைத்தும் வாசிப்பான் என்று எழுதியிருக்கிறார். நீரோவைத்தான் சொல்கிறார் என்பது அறிஞர்கள் கருத்து. ஏன் அக்குளில்? அதீனா தேவி குழல் ஊதியபோது தன் கன்னம் உப்பி முகம் விகாரமானதைத் தண்ணீரில் பார்த்து, குழலைத் தூக்கி எறிந்தாள் என்பது கிரேக்கக் கதை. பை இருந்தால் கன்னம் உப்ப வேண்டியதில்லை அல்லவா? முக அழகு கெடாமல் குழல் வாசிக்க ஒரு வழி! கண்டுபிடிப்புகளுக்குக் காரணம் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதன் பிறகு பல நூறு ஆண்டுகளுக்குப் பைக்குழலைப் பற்றிப் பேச்சு மிகக் குறைவு. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்போன்ஸோ மன்னர் தொகுப்பித்த பக்திப் பாடல் சுவடிகளில் வண்ண ஓவியங்களாக மீண்டும் தலைகாட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிலாந்துக் கவிஞர் சாசர் தம் யாத்திரிகர் கூட்டத்தில் ஒரு மாவு ஆலைக்காரன் கையில் பைக்குழலைக் கொடுக்கிறார். ஜெர்மானியரான டியூரர் 1514இல் ஒரு பைக்குழல்காரனைச் செதுக்கி அச்சிட்டார். பிரூகல் வரைந்த கிராமத்துக் கல்யாணத்தில் இரண்டு பேர் ஊதுகிறார்கள். ஆக, ஸ்பெயின், இங்கிலாந்து, ஜெர்மனி, பெல்ஜியம் எல்லாவற்றிலும் இருந்தது. கல்யாணம், அறுவடை, ஆட்டம் எங்கே உண்டோ அங்கே இருந்தது. ஸ்காட்லாந்து இந்தப் பட்டியலில் ஒரு நாடு. முதல் நாடு அல்ல.

ஸ்காட்லாந்து என்ன செய்தது?

அப்படியானால் பைக்குழல் என்றவுடன் ஏன் ஸ்காட்லாந்து மட்டும் நினைவுக்கு வருகிறது? மற்ற இடங்களில் வயலினும் கிளாரினெட்டும் அக்கார்டியனும் வந்ததும் பைக்குழல் மெல்லப் பின்வாங்கியது. புதிய கருவிகளில் ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம், பல சுருதியில் வாசிக்கலாம். ஸ்காட்லாந்து மலைநாட்டில் மட்டும் அது பெருமைக்குரிய கலையாக ஏறி உட்கார்ந்தது. குலத் தலைவர்கள் பரம்பரைப் பைக்குழல்காரர்களை மானியம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஸ்கை தீவில் மெக்லவுட் தலைவர்களிடம் மெக்ரிமன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள், மாணவர்களுக்கும் கற்பித்தார்கள்.

எப்படிக் கற்பித்தார்கள் என்பது நமக்கு மிக நெருக்கமான செய்தி. எழுதி வைக்கவில்லை, வாயால் பாடிக் காட்டினார்கள். ஒவ்வொரு சுரத்திற்கும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஓர் அசை. அந்த அசைகளைக் கோத்துப் பாடினால் மெட்டும் விரல் வித்தையும் சேர்ந்தே மனத்தில் பதியும். கான்டரக் என்று அதற்குப் பெயர். தவில்காரர் சொற்கட்டை வாயால் சொல்லிக் கொடுப்பது போலத்தான். 1797இல்தான் ஒருவர் அந்த அசைகளை அப்படியே ஏட்டில் எழுதி வைத்தார். அது இன்றும் இருக்கிறது.

அவர்களுடைய உயர்ந்த இசை வடிவத்திற்குக் கேலிக் மொழியில் ‘பெரிய இசை’ என்றே பெயர். ஆட்டத்திற்கும் அணிநடைக்கும் வாசிப்பது ‘சிறிய இசை’. நம்மிடம் நாதஸ்வரம் தவில் பெரிய மேளம், சதிர் ஆட்டக் குழு சின்ன மேளம் என்று இருந்தது நினைவுக்கு வருகிறதா? பொருள் ஒன்றல்ல, ஆனாலும் கேட்கச் சுவையாக இருக்கிறது. பெரிய இசையில் முதலில் ஒரு மெட்டை நிதானமாக வைப்பார்கள். அதற்கு ‘தரை’ என்று பெயர். பிறகு அதன்மேல் சொடுக்குகளை அடுக்கி அடுக்கிச் சிக்கலாக்கிக்கொண்டே போய், உச்சத்தில் விட்டுவிட்டு மீண்டும் தரைக்கே வந்து முடிப்பார்கள்.

1746இல் கலோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சிப் படை தோற்றது. அதன் பிறகு அரசாங்கம் பைக்குழலைத் தடை செய்ததாகப் பல புத்தகங்களில் படிக்கலாம். சட்டத்தின் வாசகத்தில் ஆயுதமும் மலைநாட்டு உடையும்தான் தடை செய்யப்பட்டன. பைக்குழலின் பெயர் அதில் இல்லை. ஆனால் ஜேம்ஸ் ரீட் என்ற பைக்குழல்காரரை அதே ஆண்டு யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள். ‘நான் ஆயுதம் எடுக்கவில்லை, இசைதான் வாசித்தேன்’ என்பது அவர் தரப்பு வாதம். மலைநாட்டுப் படை பைக்குழல் இல்லாமல் போருக்குப் புறப்பட்டதில்லை, ஆகவே அதுவும் போர்க்கருவியே என்றது நீதிமன்றம். இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரை. 1996இல் லண்டன் ஹாம்ஸ்டெட் ஹீத் பூங்காவில் அனுமதியின்றி இசைக்கருவி வாசித்ததாக ஒருவர் மேல் வழக்கு. ‘இது இசைக்கருவியே அல்ல, போர்க்கருவி, 1746ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பாருங்கள்’ என்று அவர் வாதாடினார். நீதிபதி ஏற்கவில்லை.

தோற்ற மலைநாட்டு மக்களையே பிரிட்டிஷ் அரசு பட்டாளத்தில் சேர்த்தது. அவர்களோடு பைக்குழலும் சீருடை மாட்டிக்கொண்டது. உலகம் முழுவதும் அதைக் கொண்டு போனது பட்டாளம்தான். 1944 ஜூன் 6ஆம் தேதி நார்மண்டிக் கடற்கரையில் குண்டு மழைக்கு நடுவே பில் மில்லின் என்ற வீரர் நடந்துகொண்டே வாசித்தார். ‘பைத்தியம் என்று நினைத்துச் சுடாமல் விட்டோம்’ என்று ஜெர்மானியர் பின்னால் சொன்னதாகச் சொல்வார்கள். பட்டாளம் போன இடமெல்லாம் கருவி தங்கியது. இமயமலைச் சாரலில் கர்வால் மக்களின் கல்யாண ஊர்வலத்தில் மஷக்பீன் என்ற பெயரில் அது இன்றும் ஒலிக்கிறது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் பைக்குழல் செய்வது ஒரு பெருந்தொழில்.

ஆனால் ஸ்காட்லாந்தின் புகழ் மற்றவர்களை மறைத்துவிட்டது. ஸ்பெயினின் கலீசியாவில் கைத்தா, துருக்கியின் கருங்கடல் கரையில் துலும், துனீசியாவில் மெஸ்வெத், ஈரானின் புஷேர் கடற்கரையில் நேய் அன்பான் என்று எத்தனையோ உயிரோடு இருக்கின்றன. அயர்லாந்தின் பைக்குழலை வாயால் ஊதுவதே இல்லை. முழங்கையில் கட்டிய துருத்தியால் காற்றடைக்கிறார்கள். மெட்டுக் குழலின் அடியைத் தொடையில் வைத்து அடைத்து ஓசையை நிறுத்தவும் அவர்களால் முடியும். 2017இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

1977இல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பூமியின் ஒலிகளைப் பதித்த தங்கத்தட்டு இருக்கிறது. அதில் பைக்குழல் உண்டு. ஸ்காட்லாந்தின் பைக்குழல் அல்ல! பல்கேரியாவின் வால்யா பல்கான்ஸ்கா என்ற பாடகி பாட, அவருக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்டுத்தோல் கைடாக்கள். வாயேஜர் 1 விண்கலம் 2012இல் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் நுழைந்தது. ஆடு மேய்ப்பவர்களின் கருவி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

துத்தி எங்கே போயிற்று?

இப்போது தொடக்கத்தில் சொன்ன சம்பந்தத்திற்கு வருகிறேன். தமிழகத்திலும் பைக்குழல் இருந்தது. துத்தி என்றும் துருத்தி என்றும் சொன்னார்கள். சி. ஆர். டே என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தென்னிந்திய இசைக்கருவிகளைப் பற்றி 1891இல் வெளியிட்ட நூலில் சுருதி உபாங்கம் என்ற பெயரில் இது இடம்பெற்றிருக்கிறது. முழு ஆட்டுக்குட்டித் தோல், ஊதுவதற்கு ஒரு நாணல் குழல், ஓசைக்கு ஒரு குழல், காற்றுக் கசியாமல் மெழுகுப் பூச்சு. சின்ன மேளத்தில் நட்டுவனார் ஜதி சொல்ல, மிருதங்கமும் முகவீணையும் ஒலிக்க, பின்னால் ஒருவர் அக்குளில் தோல்பையை இடுக்கிக்கொண்டு சுருதி கொடுத்தபடி நிற்பார். ஆட்டக்காரி நகர, அந்தக் குழுவே அவரோடு முன்னும் பின்னும் நகரும். உட்கார்ந்து வாசிக்கும் தம்புரா அங்கே உதவாது. ஆந்திரப் பகுதியிலும் இதே கருவி தித்தி என்ற பெயரில் உண்டு.

இது ஏன் மறைந்தது? சதிர் ஆட்டத்திற்கு நேர்ந்த கதி ஒரு காரணம். ஆட்டம் கோயிலையும் ஊர்வலத்தையும் விட்டு மேடைக்கு வந்தபோது, பக்கவாத்தியக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். நடமாடும் சுருதிக்கு வேலை போயிற்று. ஆனால் என் அபிப்பிராயத்தில் இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. நம் துத்தி ‘ச’ மட்டுமே பாடியது. மெட்டு வாசிக்கும் பொறுப்பை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. ஒரே வேலை செய்கிற ஆளை மாற்றுவது எளிது. ஆர்மோனியத்தின் தம்பியான சுருதிப் பெட்டி வந்தது. விலை மலிவு, ஆட்டுத்தோல் வாடை கிடையாது. துத்திக்காரருக்கு விடை கொடுத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரரின் பைக்குழல் மெட்டையும் சுருதியையும் தானே சுமந்தது. அதற்கென்று ஒரு பாட முறை, ஒரு பரம்பரை, பின்னால் போட்டிகள், பட்டாளச் சம்பளம் எல்லாம் இருந்தன. அதை யாராலும் ஒரு பெட்டியை வைத்து அனுப்பிவிட முடியவில்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நாதஸ்வரக் குழுவில் ஒத்து என்று ஒரு கருவி உண்டு. பார்க்க நாதஸ்வரம் போலவே இருக்கும். விரல் வைக்கும் துளைகள் இருக்காது. ஒத்துக்காரரின் வேலை ஒன்றே ஒன்று, சுருதி அறுபடாமல் ஊதுவது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சு வாங்கி, மணிக்கணக்கில் ஒரே சுரம். சார்டினியாக்காரர் செய்யும் அதே வித்தை. பைக்குழலின் பை செய்வதைத் தன் முகத்தால் செய்கிறவர் அவர். நாதஸ்வரம் கற்க வரும் பையனை முதலில் ஒத்து ஊத விடும் வழக்கம் உண்டு. மூச்சு அங்கேதான் பழகும். காது அங்கேதான் திறக்கும்.

இப்போது நம் நாட்டுக் கோயில் திருவிழாக்களில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து வாசிக்கும் குழுக்களைப் பாருங்கள். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் இருக்கும். ஒத்துக்காரர் நின்ற இடத்தில் பல நேரங்களில் மின்சாரச் சுருதிப் பெட்டி ஒன்று இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஒருவருக்கு விமானச் செலவும் சம்பளமும் மிச்சம் என்று ஆலய நிர்வாகம் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பெட்டிக்குச் சுருதி பிசகாது என்பதும் உண்மை. ஆனால் துத்திக்காரரை அனுப்பியபோதும் இதே நியாயத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது கொஞ்சம் முன்னால் போய் நின்று, ஒத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த மனிதர் எப்போது மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துப் பாருங்கள். கண்டுபிடிப்பது சுலபமல்ல.

தலைவர் மணியடிக்கக் கையை நீட்டிவிட்டார்.